பன்னிரண்டு ஜோடிக் கோழிகளுக்குப் பன்னிரண்டு வீடு

அகவை எழுபதைத் தாண்டியும் அதட்டினால் ஆம்பூரே அமைதியாகும் ஆற்றல் பெற்றவரும், இங்கே மீசை முறுக்கி அமர்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து மீதிப் பேரைப் பெஞ்சு மேல் ஏற்றியவரும், இந்தக் கூட்டத்தின் தலைவருமாகிய முன்னாள் தலைமையாசிரியை ரஃபத் ஜஹான் அம்மையார் அவர்களே! பாலாற்றுக்கரை நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளரும், நாற்பத்தாறு பக்கத்துக்கு விதிமுறை வகுத்த வித்தகரும், எனக்கு ஏழு நிமிடம் ஒதுக்கிவிட்டு இப்போதே மணியைக் கையில் எடுத்துக்கொண்டவருமான அண்ணன் முனிரத்தினம் அவர்களே! தோலைத் தொட்டதும் ஆடா மாடா என்று சொல்லும் தொழிலாளத் தோழர்களே! தைத்துத் தைத்தே தரணிக்கெல்லாம் காலணி தந்த தாய்மார்களே! முன்வரிசையில் முறுக்கு மெல்லும் மூத்தோர்களே! மண்டபத்துக்கு வெளியே கூடைகளில் காத்திருக்கும் என் இருபத்து நான்கு கோழிகளே! உங்கள் அனைவருக்கும் ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் முப்பத்தோரு வருடம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற இன்பராஜின் எளிய வணக்கம்.

கோழிக்கு எதற்கய்யா வணக்கம் என்று யாரோ கேட்கிறீர்கள். கேளுங்கள். இன்று மாலை நான்கு மணிக்குள் முடிவாகப்போவது உங்கள் வாழ்வா என் வாழ்வா? இல்லை. அவற்றின் வாழ்வு. அதனால் அவற்றுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் பேசுவேன்.

நிலைமை இதுதான். ஒரு வீட்டில் இரண்டு கோழிக்கு மேல் இருக்கக் கூடாது என்று போன வாரம் செயலாளர் நாற்பத்தேழாம் பக்கம் எழுதிவிட்டார். என்னிடம் இருப்பது இருபத்து நான்கு. ஆகப் பன்னிரண்டு வீடு வேண்டும். என் வீட்டோடு சேர்த்து ஒன்பது வீடு கையெழுத்துப் போட்டாயிற்று. இன்னும் மூன்றே மூன்று வீடு. நான்கு மணிக்குள் அவை கிடைக்காவிட்டால் மிச்சமுள்ள ஆறு கோழிகளும் வெளியே நிற்கும் ஆட்டோவில் ஏறும். ஆட்டோ யாருடையது? நம் கறிக்கடை அஸ்பாக் தம்பியுடையது. நல்ல பிள்ளை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தராசின் மேல்தான் கோபம்.

இந்தக் கோழிகள் என்னிடம் எப்படி வந்தன? சொல்கிறேன். ஓய்வு பெற்ற மறுமாதம், வீட்டு ரோஜாச் செடிக்குக் கோழி எரு வாங்க ஒரு முட்டைப் பண்ணைக்குப் போனேன். அங்கே கண்டேன் அந்தக் காட்சியை! கம்பிக் கூண்டு, கூண்டின் மேல் கூண்டு, அடுக்கின் மேல் அடுக்கு. ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஷூ டப்பாவை விட அதிகமில்லை. நான் டப்பா அளவு தெரிந்தவன், தவறிச் சொல்லமாட்டேன். நிற்கலாம், நடக்க முடியாது. உட்காரலாம், உருள முடியாது. இறக்கை உண்டு, விரிக்க வழி இல்லை. கால் உண்டு, காலுக்குக் கீழே தரை இல்லை, கம்பிதான். ஷூ செய்கிற ஊர்க்காரன் நான். காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்றால் எனக்குத் தாங்குமா?

ஒரு பக்கம் லாரியில் கோழிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று மேனேஜரைக் கேட்டேன். “ஒண்ணர வயசாயிடுச்சு சார், முட்ட கம்மியாப் போச்சு. ரிடையர் ஆயிடுச்சு” என்றார். எனக்குச் சுருக்கென்றது. நானும் போன மாதம்தானே ஐயா ரிடையர் ஆனேன்? எனக்கு ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். அதற்கு இஞ்சி பூண்டு விழுதா?

கைதட்டுங்கள், தட்டுங்கள். தட்டினால் அந்த நேரம் என் கணக்கில் சேராது.

ஒரு டஜன் கோழியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று நினைத்தேன். நினைத்தது பன்னிரண்டு. ஆனால் எத்தனை என்று மேனேஜர் கேட்டபோது இந்த வாய் என்ன சொன்னது? “பன்னிரண்டு ஜோடி” என்றது! முப்பத்தோரு வருடத்தில் எதையாவது ஒற்றையாக எண்ணியிருக்கிறேனா? நம் ஊரில் யாராவது ஒற்றை ஷூ ஆர்டர் எடுத்திருக்கிறார்களா? மறுநாள் காலை இருபத்து நான்கும் வந்து இறங்கின. என் வீட்டம்மா சௌந்தரம் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்பக் கதவைச் சாத்திவிட்டார். சாத்தினவர் உள்ளே இருந்தார், நான் வெளியே கோழிகளோடு இருந்தேன்.

கோழியா அவை? கழுத்தில் இறகில்லை, முதுகில் இறகில்லை, மூக்கின் நுனி வெட்டுப்பட்டிருக்கிறது. அதுவோ மார்கழி. பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது. எதிர்வீட்டு பில்கிஸ் ஓடி வந்தது. எங்கள் கம்பெனித் தையல் லைனில் முதல் கை, அந்தப் பெண்ணை உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் கைகாட்டுகிறேன் பாருங்கள், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்கிறது. வெட்கப்படாதே அம்மா, வரலாறு உன்னைப் பேசும். “சார், குளுருது போல இருக்கு அதுங்களுக்கு. நீங்க கட் பண்ணிக் குடுங்க, நான் தெச்சிடறேன்” என்றது. மெல்லிய செம்மறித் தோல் துண்டுகள் எங்களிடம் இருந்தன. நான் வெட்டினேன், அது தைத்தது. இரண்டே நாளில் இருபத்து நான்கு கோட்டு!

ஆம்பூர் எத்தனையோ பிரியாணி கண்ட ஊர். ஆனால் மட்டனும் சிக்கனும் ஒரே உடம்பில் உயிரோடு தெருவில் நின்றது அதுதான் முதல் முறை.

சிரிக்காதீர்கள், சோகம் இனிமேல்தான். இந்தக் கை இருக்கிறதே, இந்தக் கை, எதை வெட்டினாலும் இடது வலது என்றுதான் வெட்டும். பன்னிரண்டு கோட்டுக்கு வார் இடப்பக்கம். பன்னிரண்டுக்கு வலப்பக்கம். உள்ளே முப்பத்தெட்டு என்று சைஸ் நம்பர் வேறு அடித்துவிட்டேன். மறுநாள் காலையில் பில்கிஸ் ஒரு கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறது. என்னம்மா என்றால், “சார், இது வலது. இதோட எடது எங்கியோ போய்ட்ச்சு” என்கிறது. கோழிக்கு ஏதம்மா இடது வலது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா? இல்லை. நானும் கூடச் சேர்ந்து இடதுகோழியைத் தேடினேன்! மசூதித் தெரு வரை போய்த் தேடிவிட்டு வந்தோம். கோழிகளோ கோட்டு மாட்டிய நிமிடம் முதல் என் வீட்டு வாசலிலேயே கல்யாணப் போட்டோவுக்கு நின்ற மாதிரி அசையாமல் நின்றன. ஒரு மாதத்தில் இறகு முளைத்தது, கோட்டைக் கழற்றினோம், அப்புறம்தான் அவை நடந்தன.

மணி அடிக்கிறீர்கள் முனிரத்தினம் அண்ணா. கேட்டதா வெளியே? தீவனம் வந்துவிட்டது என்று இருபத்து நான்கும் கூப்பாடு போடுகின்றன. இனி நீங்கள் அடிக்காமல் இருப்பது கூட்டத்துக்கே நல்லது.

இங்கே ஒரு தாய் கேட்கிறார்: எங்கள் வீட்டில் கோழி வைக்க இடமில்லை, நாங்கள் என்ன செய்வது? அருமையான கேள்வி, அம்மா. கோழி வளர்க்க இடமில்லாத வீடு இருக்கலாம். முட்டை வாங்காத வீடு இருக்கிறதா? கடைக்குப் போனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இது தரையில் நடந்த கோழியின் முட்டையா? நானும் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவருக்கு முட்டையோடுதான் பழக்கம், கோழியோடு பழக்கமில்லை என்றார். நான் விட்டேனா? அடுத்த கடைக்குப் போனேன். அங்கே பழுப்பு நிறமாக ஒரு குவியல். எல்லாம் தோட்டத்தில் மேய்ந்த கோழியின் முட்டை என்று அடித்துச் சொன்னார்கள். தோலுக்குப் போட்ட சாயம் நிற்குமா என்று ஈரத்துணியால் தேய்த்துப் பார்ப்போமே, அந்தச் சோதனையை அங்கேயே செய்தேன். பத்துத் தேய்ப்பு. துணி பழுப்பு, முட்டை வெள்ளை! டீத்தண்ணீரில் முக்கியிருக்கிறார்கள். யாரிடம் காட்டுகிறார்கள் சாயத்தை? ஆம்பூர்க்காரனிடமா? இந்த ஊரில் சாயம் போகும் சரக்கைத் தள்ளிவிட்டுத் தப்பியவன் உண்டா?

ஆகவே அன்னையரே, நிறத்தைப் பார்க்காதீர்கள், நடந்ததா என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார். தெருவே கேட்டால் வேறு பண்ணையைத் தேடிப் போவார். விலை கொஞ்சம் ஜாஸ்திதான், மறைக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு முட்டை கம்மியாகச் சாப்பிடுங்கள். நம் ஊர்ப் பிரியாணியைத் தின்றுவிட்டு முட்டை கம்மியானதால் மெலிந்தவர் யாரும் இல்லை. முன்வரிசையைப் பாருங்கள், தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோட்டைக் கழற்றிய மூன்றாம் நாள், ஒரு கோழி திடீரென்று மண்ணில் சரிந்தது. கால் இழுக்கிறது, இறக்கை அடிக்கிறது, கண் மூடுகிறது, மண்ணெல்லாம் பறக்கிறது. வலிப்பு என்று பதறினோம். சௌந்தரம் தண்ணீர் தெளித்தார். பில்கிஸ் முறத்தால் விசிறியது. வலிப்பு வந்தால் எதையாவது முகரக் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். ஆம்பூரில் அவசரத்துக்குக் கையில் என்ன அகப்படும்? ஒன்பதாம் நம்பர் ஷூதான். அதை அதன் மூக்கருகே பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அது மண்ணுல குளிக்குது சார். ஷூவ எடுங்க.”

எடுத்தேன். எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஐயா, ஒன்றரை வருடம்! ஒன்றரை வருடமாக நாளுக்கொரு முட்டை நமக்குக் கொடுத்த உயிர், அன்றுதான் பிறந்ததிலிருந்து முதல் முறையாகக் குளிக்கிறது. அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை. மண் காலில் பட்டது, அதுவாகவே தெரிந்துகொண்டது. குளித்து எழுந்து, உடம்பை உதறி, இரண்டு இறக்கையையும் முழுசாக விரித்தது. எவ்வளவு பெரிய இறக்கை தெரியுமா? அவ்வளவு பெரியதை அவ்வளவு நாள் எங்கே மடக்கி வைத்திருந்தது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்தோரு வருடம் உயிர் போன தோலை மட்டுமே தடவிப் பார்த்த கை இது. அன்றைக்குத்தான் உயிரோடு ஒன்றைத் தடவிப் பார்த்தேன். சுட்டது, தோழர்களே. துடித்தது.

அதனால் கேட்கிறேன். கையேந்திக் கேட்கிறேன். கட்டிங் செக்‌ஷனில் கத்தியோடு நின்றவன் கண்ணீரோடு கேட்கிறேன். மூன்று வீடு! மூன்றே மூன்று வீடு இந்த ஊரில் இல்லையா? உலகத்தின் கால்களுக்கெல்லாம் செருப்புத் தந்த ஊரில், ஆறு கோழிகளின் கால்களுக்குத் தரை இல்லையா?

இதோ! தலைவர் அம்மையார் கை தூக்குகிறார்கள்! தலைமையாசிரியை வீட்டுக் கோழிகள் ஒழுக்கமாக வளரும், பத்தாவது வீடு! அங்கே மூன்றாம் வரிசையில், இடமில்லை என்ற அதே தாய்! மாடி இருக்கிறதாம், பதினொன்று! இன்னும் ஒன்று. ஒரே ஒரு ஜோடி. யார்? பின்வரிசை? வலப்பக்கம்? செல்போனைப் பார்ப்பவரே, நீங்கள்?

யாரும் இல்லையா?

நான்கு மணி என்று முனிரத்தினம் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். விதி விதிதான், தெரியும். அஸ்பாக் தம்பியே வாசலுக்கு வந்துவிட்டார். வாருங்கள் தம்பி, வார்த்தை தவற மாட்டேன். அந்தக் கடைசிக் கூடையில் இருக்கும் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன சொல்கிறீர்கள்? ஏற்கெனவே எடுத்துக்கொண்டீர்களா?

சபையோரே, தம்பி சொல்வது உங்களுக்குக் கேட்டிருக்காது, மைக்கில் நான் சொல்கிறேன். “கடைக்கு இல்லண்ணா, வூட்டுக்கு எடுத்துக்கறேன்” என்கிறார். இன்னாத்துக்குப்பா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “ஆட்டோல வெயிட் பண்ணிட்டு இருந்தேன். கூடையிலேர்ந்து ஒண்ணு எகிறி வந்து மடியில உக்காந்துச்சுண்ணா. பதினாறு வருஷமா கடை வெச்சிருக்கேன். ஒண்ணு கூட தானா என்கிட்ட வந்ததில்ல.”

முனிரத்தினம் அண்ணா, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுங்கள். பன்னிரண்டாவது வீடு, அஸ்பாக், கறிக்கடை.

இவ்வளவு நேரம் பொறுத்த தலைவர் அம்மையாருக்கும், மணியைக் கீழே வைத்த செயலாளருக்கும், கை தூக்கியவர்களுக்கும், அடுத்த முறை கடையில் வாய் திறந்து கேட்கப்போகிறவர்களுக்கும் இந்த இன்பராஜின் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோரும் மெதுவாகக் கலைந்து போங்கள், தம்பி கையில் அது தூங்குகிறது. வணக்கம்.