ஒட்டுக் காது

காதுகளை யாரும் கவனிப்பதில்லை, ஐயா. குடும்பப் படம் தயாரானதும் அவரவர் முதலில் தங்கள் மூக்கைத் தேடுவார்கள், பிறகு அடுத்தவர் தொப்பையைத் தேடுவார்கள். எண்ணெய் வண்ணத்தில் கூட்டுப்படம் வரைந்தே முப்பது வருடம் வயிறு கழுவியவன் சொல்கிறேன்.

அந்த வீட்டில் பெரியவர், அவர் மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், இளையவனின் நாலு வயது மகள். "டிரைவரும் நம்ம வீட்டுப் பிள்ளைதான்" என்று பெரியவர் அவனையும் ஓரத்தில் நிறுத்தினார். ஒவ்வொருவராக உட்காரவைத்து மூன்று மாதம் வரைந்தேன். உட்கார்ந்தவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. எனக்குக் காது சும்மா இருக்காது. மூத்த மருமகளுக்கு இளையவளைக் கண்டால் ஆகாது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

இளையவள் கலகலப்பானவள். ஒருநாள் எல்லோர் முன்னாலும் கான்வாஸை எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, விரலெல்லாம் வெண்டைக்காய் மாதிரி இருக்கு. நறுக்கிடலாமா?"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

குழந்தையின் காது மட்டும் பாக்கியிருந்தது. அப்பனுக்கும் மகளுக்கும் காதின் அடிச்சதை கன்னத்தோடு ஒட்டியிருக்கும். டிரைவருக்கோ தனியாகத் தொங்கும், நடுவில் சின்னப் பள்ளத்தோடு. குழந்தைக்கு அதைப் போட்டேன். மூன்றே தீற்றல்.

படத்தை மாட்டிய அன்று மூத்தவளிடம், "பாப்பா காது யாரு ஜாடைம்மா? எனக்குப் பிடிபடவே இல்ல" என்றேன்.

அவள் குழந்தையின் முகத்தருகே போனாள். படத்தில் இருந்த முகத்தைச் சொல்கிறேன். பிறகு ஓரத்துக்குப் போனாள். திரும்பி வந்தாள்.

"நீங்க உள்ளதைத்தானே வரைவீங்க?"

"கண்ணுல படறதைத்தாம்மா."

பிறகு நடந்ததெல்லாம் உங்கள் ஸ்டேஷனில் எழுத்தில் இருக்கிறது. டிரைவர் ஓடிப்போனது, மாடிப்படி, இளையவன் தன் மனைவியைத் தள்ளியது. கீழ்ப்படியில் குழந்தை நின்றிருந்ததாம். அதன் முடியை ஒதுக்கி யாராவது ஒருவர் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. அதுதான் படத்தில் அச்சு அசலாக இருக்கிறதே.

போன வாரம் அந்த வீட்டிலிருந்து கூப்பிட்டனுப்பி, தாயையும் மகளையும் படத்திலிருந்து மறைத்துத் தரச் சொன்னார்கள். அந்த இடத்தில் ஒரு பூச்சாடி வைத்தேன். நன்றாகவே வந்திருக்கிறது. குழந்தை எங்கே என்று கேட்கவில்லை. அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதற்கு.

தள்ளியது அவன். காதை மாற்றியது நான், தெரிந்தேதான் மாற்றினேன். மறுக்கவில்லை. ஆனால் படத்தில் மிச்சமிருப்பவர்களின் விரல்களை ஒருமுறை பக்கத்தில் போய்ப் பாருங்கள், ஐயா. வெண்டைக்காய் மாதிரியா இருக்கிறது?