ஒரு மணித்தியால அகவணக்கம்

மனோர் பார்க் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெரியவர், பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"போர் நடக்கிற இடத்துப் பள்ளிக்கூடத்துக்கு உதவி கேட்டுக் குவேக்கர் எண்ட கிறிஸ்தவ சபையின்ர கூட்டத்துக்குப் போனன். ஒருத்தரும் கதைக்கேல்லை. செத்தவைக்கு அகவணக்கமாக்கும் எண்டு எழும்பி நிண்டிட்டன்."

"ரெண்டு நிமிசம்தானே, அண்ணை?"

"ஒரு மணித்தியாலம்!"

"ஆரும் இருக்கச் சொல்லேல்லையோ?"

"மௌனமா இருக்கிறதுதான் அவையின்ர வழிபாடாம். ஏதும் சொல்ல விரும்பினவைதான் எழும்புவினமாம். நான் இப்ப கதைப்பன், இப்ப கதைப்பன் எண்டு எல்லாரும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கினம்."

"அப்ப உதவி?"

"முடிஞ்ச பிறகு கேட்டன். ஓம், செய்யினமாம். இப்பிடியொரு பேச்சு கேட்டதேயில்லை எண்டு ஒரு மனுசி அழுதிட்டா."

பெரியவர் முழங்காலைத் தடவினார்.

"வாற கிழமையும் பேசட்டாம்."