திரும்பக் கூப்பிடாத நைட்டிக் கடை

மைக்கை மூன்று முறை விரலாலும், நான்காவது முறை மோதிரத்தாலும் தட்டி, அதற்கு உயிர் இருக்கிறது என்று ஊருக்கு உறுதி செய்து தந்த கூட்டத் தலைவர், குடியிருப்போர் சங்கத்தின் எத்திராஜ் ஐயா அவர்களே, வெயில் தாழ்ந்த பிறகு வீறுகொண்டு வந்திருக்கும் பெரியோர்களே, குக்கரை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, என்னை மேடையில் ஏற்றிவிட்டு முதல் வரிசையில் நிம்மதியாக இருக்கும் எங்கள் முதலாளி சுலோசனா அக்கா அவர்களே, மெஷினை விட்டு எழுந்து வந்த தையல்காரர் வனஜா அக்கா அவர்களே, எங்கள் கடையில் இதுவரை எதையும் வாங்காமல், ஆனால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்திருக்கும் அன்புச் சொந்தங்களே, உங்கள் அனைவருக்கும் பவித்ராவின் பணிவான வணக்கம்.

எங்கள் மீது ஒரு குற்றச்சாட்டு. சாயம் போனதா? இல்லை. சைஸ் சுருங்கியதா? இல்லை. தையல் பிரிந்ததா? தாய்மார்களே, தறியே பிரிந்தாலும் வனஜா அக்கா போட்ட தையல் பிரியாது. பிறகு என்ன குற்றம்? விலை பிடிக்காமல் வெளியே நடந்தவர்களை நாங்கள் திரும்பக் கூப்பிடவில்லை. அதுதான் குற்றம். அதற்குத்தான் இந்தப் பந்தல்.

புதிதாக பிளாட்டுக்கு வந்தவர்களுக்காக இந்த ஊர் முறையைச் சொல்லிவிடுகிறேன். விலை கேட்க வேண்டும். உதட்டைப் பிதுக்க வேண்டும். பாதி விலை சொல்ல வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். பத்தாவது அடியில் கடைக்காரர் கூப்பிட வேண்டும். எங்கள் நைட்டி முந்நூற்று நாற்பது ரூபாய். அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை என்று சுலோசனா அக்கா முடிவெடுத்து, விற்பனைக்கு என்னை உட்கார வைத்தார். காரணம் கேட்டேன். "நீதான் யாரையும் கூப்பிட மாட்டியே" என்றார்.

முதல் நாள் நான்கு பேர் நடந்தார்கள். பத்தாவது அடியில் நின்றார்கள். குரல் வரவில்லை. தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரை போய் அங்கே காத்திருந்தார்கள். மறுநாள் ஏழு பேர் ஆனார்கள். மூன்றாம் நாள் பதினெட்டு. கூட்டத்தைப் பார்த்துச் சுண்டல் வண்டி வந்தது. சுண்டலைப் பார்த்து ஷேர் ஆட்டோ நின்றது. ஆட்டோ நின்றதும் பழக்கத்தில் இரண்டு பேர் ஏறி ஆவடி வரை போய், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார்கள். எதற்கென்றே கேட்காமல் வரிசையில் சேர்ந்தவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள் பாஸ்கரன் மாமா, நீங்கள் கையில் ரேஷன் கார்டோடு நின்றீர்கள்.

கடைக்குள் என்ன நிலை? நைட்டி நகரவில்லை. சுலோசனா அக்காவுக்குத் தூக்கம் போனது. இரண்டு வழிகள் அவர் முன்னால் இருந்தன. ஒன்று, விலையை முந்நூறாகக் குறைப்பது. அப்படிச் செய்தால், லாபமில்லாமல் கடை நடக்காது என்பதால், அந்த நாற்பது ரூபாய் வனஜா அக்காவின் கூலியிலிருந்துதான் போகும். ஒரு நைட்டிக்கு எழுபத்தைந்து வாங்குகிறவர் முப்பத்தைந்து வாங்க வேண்டும். இன்னொன்று, ஐந்நூறு என்று சீட்டு ஒட்டி, அலறி, அழுது, முந்நூற்று நாற்பதுக்கு இறங்குவது. ஊரும் மகிழும், கடையும் பிழைக்கும். அதுதான் சரி என்றார் அக்கா.

பெரியோர்களே, நான் பேசாதவள். அன்று பேசினேன். போன மழைக்கு நான் சந்தையில் ஒரு குடை வாங்கினேன். சொன்ன விலை முந்நூற்றைம்பது, கொடுத்தேன். பக்கத்தில் நின்ற அம்மா அதே குடையை நூற்றெண்பதுக்கு வாங்கினார். எங்கள் இருவர் மீதும் பெய்தது ஒரே மழைதானே? அவர் குடைக்குக் கம்பி குறைவா? என் குடைக்குத் துணி அதிகமா? இல்லை, அவருக்கு வாய் இருந்தது, எனக்கு இல்லை. வாயில்லாதவர் கட்டும் வரிக்குப் பெயர் விலையா? கூச்சப்படுகிறவளுக்கு ஒரு விலை, கூச்சலிடுகிறவருக்கு ஒரு விலை என்றால், நியாயம் எந்தப் பக்கம் நிற்கும்? இதைத்தான் அக்காவிடம் கேட்டேன். அவர், "நாளைக்கு ஒரு நாள் பாப்போம். ஒண்ணுகூட போகலன்னா சீட்ட மாத்திடுவேன்" என்றார்.

மறுநாள் கடையைப் பூட்டாமலே ஒரு நைட்டியை எடுத்துக்கொண்டு டிரான்ஸ்பார்மருக்கு நடந்தேன். அங்கே போனதும் நைட்டியை உள்புறம் வெளியே வரத் திருப்பிப் பிடித்தேன். அதன் மேல் ஒரு தாளைக் குத்தியிருந்தேன். காத்திருந்த கூட்டத்தில் முன்னால் நின்ற வடிவு அத்தைதான் அதை உரக்கப் படித்தார். துணி நூற்றெழுபது. தையல் கூலி எழுபத்தைந்து. நூல், ஜிப், லேஸ் இருபது. வாடகையும் கரண்டும் முப்பத்தைந்து. லாபம் நாற்பது.

படித்து முடித்ததும் வடிவு அத்தைக்கு உற்சாகம் பிறந்தது. ஒரு பேரம் கேட்டு வந்தவருக்கு ஐந்து பேரம் கிடைத்தால் விடுவாரா? லேஸ் வேண்டாம் என்றார், குறைத்தேன். ஜிப் வேண்டாம் என்றார், குறைத்தேன். கை எதற்கு என்றார், துணியில் குறைத்தேன். முழங்காலுக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள் என்றார், மறுபடியும் குறைத்தேன். இருநூற்றுப் பத்தில் வந்து வெற்றியோடு நின்றார். நின்றபோது அவர் கையில் இருந்த கணக்கு நைட்டிக்கான கணக்கு அல்ல. தலையணை உறைக்கான கணக்கு.

மிச்சம் இருந்தது கூலி. "இத்த கொஞ்சம் கொறச்சிக்கோ" என்று அத்தை விரல் வைத்தபோது, என்னைத் தேடி வந்த வனஜா அக்கா பின்னால் நின்றிருந்தார். அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து தையலைத் தடவிக் காட்டினார்.

"கொறச்சிக்கலாம் அத்த. எந்தத் தையல உடணும்னு நீயே சொல்லு. தோள்பட்டையா, அக்குளா, இடுப்பா? உட்டுட்றேன்."

அத்தை வெகுநேரம் யோசித்தார். சுண்டல்காரரும் யோசித்தார். "எதையும் உடாத" என்றார் அத்தை. "ரெண்டு குடு. ஆனா ஒண்ணு சொல்றேன், நாலு நாளா நிக்க வெச்சிகீறீங்க, மனசுக்கு சரியில்ல." அன்று பதினொரு நைட்டி போனது. சீட்டு மாறவில்லை. மனக்குறை மட்டும் மாறாமல் இந்த மேடை வரை வந்துவிட்டது.

ஆகவே அவையோரே, கேளுங்கள். போன வாரம் வந்த துணிக்கட்டு மீட்டர் விலை இறங்கி வந்திருக்கிறது. ஒரு நைட்டிக்கு எட்டு ரூபாய் மிச்சம். அடக்கம் குறைந்தால் விலையும் குறைய வேண்டும், அதுதான் நியாயம். நாளை முதல் எங்கள் நைட்டி முந்நூற்று முப்பத்திரண்டு ரூபாய்.

ஏன் யாரும் கைதட்டவில்லை?

டில்லிபாபு அண்ணன் எழுந்திருக்கிறார். சொல்லுங்கள் அண்ணா. "கேக்காமலே கொறச்சா நாங்க இன்னாத்துக்கு வந்துகீறோம்?" என்கிறார். பெரும் முழக்கம் எழுகிறது. அமைதி, அமைதி. குறைத்ததற்குக் கண்டனமா? தலைவர் அவர்கள் கண்டனத்தைக் குறித்துக்கொள்கிறார்.

வடிவு அத்தை கை தூக்குகிறார். அந்தக் கம்பியில்லா மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"எட்டு ரூபா எங்களுக்கு வேணாம். நாலு கொறச்சிக்கோ. நாலு வனஜா கூலில போடு. முந்நூத்தி முப்பத்தாறு. இதுக்கு மேல ஒரு பைசா கொறைக்க உட மாட்டேன்."

தாய்மார்களே, தட்டாமல் இருக்கும் கைகளே, தட்டுங்கள். வாங்க வந்தவர் விலையை ஏற்றிப் பேரம் பேசுகிறார். சுலோசனா அக்காவைப் பார்க்கிறேன். அவர் முந்நூற்று முப்பத்து நான்கு என்று விரல் காட்டுகிறார். வடிவு அத்தை பையைத் தோளில் மாட்டுகிறார். எழுந்து நடக்கிறார். அக்கா, யோசிக்காதீர்கள், அவர் ஆறாவது அடி வைத்துவிட்டார்.

அக்கா தலையசைத்துவிட்டார். முந்நூற்று முப்பத்தாறு. வனஜா அக்காவின் கூலி எழுபத்தொன்பது. வாய் உள்ளவர் கேட்டு வாங்கிய இந்த விலைதான், நாளை வாயே திறக்காமல் வந்து நிற்கும் பெண்ணுக்கும்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பந்தலைப் பாதி வாடகைக்கே போட முன்வந்தவருக்கும், அவரிடம் பேசி முழு வாடகையும் வாங்கிக்கொள்ள வைத்த வனஜா அக்காவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. குக்கரைப் போய்ப் பாருங்கள். வணக்கம்.