நிரப்பாமல் விட்ட தொட்டி

அம்மான் நகரின் ஜௌஃபா மேட்டில் வெறும் சிமெண்டுத் தளமாகக் கிடந்த மொட்டை மாடியைக் கீரை மணக்கும் இடமாக்கியவரே, எங்கள் மாலை வகுப்புகளின் பொறுப்பாளரே, கண்டிப்பிலும் கனிவிலும் குறையாதவரே, ஸுஹைபின் தாய் என்பதால் எல்லோருக்கும் உம்மு ஸுஹைப் ஆகிவிட்ட தஹானி அவர்களே, உங்கள் மீது அமைதி நிலவட்டும்.

ஓய்வுபெறும் இந்த நாள்வரை இருபத்தாறு ஆண்டுகளாக இந்தச் சமூக மையத்தின் மாலை விளக்குகளை ஏற்றினீர்கள். தையலும் கணினியும் கற்றுத்தர ஆட்களைத் தேடிப் பிடித்தீர்கள். வகுப்புக்கு வராதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். அவற்றையெல்லாம் ஒழுங்காகச் சொல்ல இந்த மடல் போதாது. ஆகையால் மாடியின் கதையை மட்டும் சொல்கிறோம்.

மண் இல்லாமல் வீட்டிலேயே கீரை வளர்க்கும் வகுப்பு நடத்த இளம் ஆசிரியை ஹியாம் இடம் கேட்டு வந்தபோது, "மண்ணில்லாம கீரையா? அடுத்து மாவில்லாம ரொட்டி சுடக் கத்துத் தருவியா?" என்றீர்கள். மறுநாளே மாடிச் சாவியை அவர் கையில் வைத்தீர்கள்.

ஹியாம் ஆளுயரக் குழாய் ஒன்றை நிறுத்தினார். பக்கமெல்லாம் துளைகள், துளைக்கொரு நாற்று. அடியிலுள்ள தொட்டியில் உரம் கரைத்த நீர். சிறு மோட்டார் அதை உச்சிக்கு ஏற்ற, வேர்களை நனைத்துக்கொண்டு நீர் மறுபடி தொட்டிக்கே இறங்கும். பாதித் தொட்டி நீருக்கு ஏற்ற உரம், அதற்கு மேல் ஒரு குவளை நீரும் கூடாது. வகுப்பில் சேர்ந்த ஒவ்வொருவரும் வீட்டுக்குச் சிறியதாய் ஒன்று செய்து, பால்கனியிலும் சமையலறைச் சன்னலிலும் வைத்தார்கள்.

அப்போதுதான் கீழ்த்தளத்துக் காபிக்கடை அபூ ராமி, ஹூக்கா மேசைகள் போட மாடியைக் கேட்டார். நிர்வாகக் குழு நேரில் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னது. மாடி போனால் வகுப்பும் போகும்.

குழு வருவதற்குச் சில நாள் முன்பு ஹியாம் மாடிக்கு ஏறியபோது, லெட்டூஸும் ஜர்ஜீர்க் கீரையும் வெளிறி மஞ்சளாகிக் கிடந்தன. தொட்டியைத் திறந்தார். விளிம்புவரை நீர். உரம் நீர்த்துப்போயிருந்தது, மறுபடி உரமிட்டாலும் இலை தேற நாளில்லை. தான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லையோ என்று அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன உம்மு ஸுஹைப், கீரைக்குக் காமாலையா?" என்று படிக்கட்டில் நின்று அபூ ராமி கேட்டார். "என் நாற்காலியெல்லாம் துடைச்சு வச்சாச்சு."

"நல்லா துடைங்க. உங்க கடையிலேயே உக்காந்து குடிக்கத்தான் நல்லாருக்கும்" என்றீர்கள்.

சந்தையில் லெட்டூஸ் வாங்கித் துளைகளில் செருகிவிடலாம் என்று எங்களில் சிலர் சொன்னோம். "ஹியாம் வளர்த்த இடத்துல கடைக் கீரையா? கை கூசாதா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, "அவங்கவங்க வீட்டுல இருக்கறதத் தூக்கிட்டு வாங்க" என்று உத்தரவிட்டீர்கள்.

குழு வந்த நாளில், டாக்ஸியின் முன்னிருக்கையில் பெல்ட் போட்டு வந்தன எங்கள் தோட்டங்கள். புதினா, துளசி, ஜர்ஜீர், காய்த்த மிளகாய்கூட மூன்று மாடி ஏறியது. பச்சைக்கு நடுவே மையத்துக் குழாய் மட்டும் மஞ்சளாக நின்றது. அதை ஒளித்து வைக்கவும் நீங்கள் விடவில்லை.

"இது மட்டும் ஏன் இப்படி?" என்று குழுத் தலைவி உம்மு வாஸில் கேட்டார். ஹியாம் வாய் திறப்பதற்குள் முன்னே வந்தீர்கள்.

"நான்தான். தண்ணி வந்த நாள். வீட்டுல எல்லாத்தயும் நிரப்பிட்டு வந்தேன், இங்கயும் எல்லாத்தயும் நிரப்பினேன். இது பாதி காலியா நின்னுச்சு. மனசு கேக்கல. பொண்ணு மேல தப்பில்ல, அவ நிரப்பாதேன்னுதான் சொன்னா."

வாரத்தில் ஒரு முறை குழாயில் நீர் வரும் ஊரில் அதற்கு மேல் விளக்கம் யாருக்கு வேண்டும்? உம்மு வாஸில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனசு யாருக்குத்தான் கேக்கும்? நேத்து நான் பூச்சாடியக்கூட நிரப்பி வச்சேன்" என்றார். பிறகு ஒவ்வொரு தோட்டமும் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே நடந்தார். மாடி நம்மிடமே நின்றது. அன்று முதல் தேநீருக்கான புதினாவை அபூ ராமியும் இங்குதான் பறிக்கிறார்.

பொறுப்பாளர் ஒருவர் தம் பிழையை எல்லோர் முன்னும் தாமே சொன்னதைப் பார்த்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்டவரின் கீழ் வேலை செய்தோம், படித்தோம் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்குப் பெருமை.

இன்று உங்கள் பால்கனிக்கென்று ஹியாம் செய்த குழாயொன்று வாசலில் காத்திருக்கிறது. நாற்றுகள் வேர் பிடித்துவிட்டன. உடல்நலத்தோடும் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளோடும் நெடுங்காலம் வாழுங்கள். உங்கள் கை பறித்த புதினா உங்கள் தேநீரில் என்றும் மணக்கட்டும். நாளை உங்கள் தெருவில் தண்ணீர் வரும் நாள். எல்லாவற்றையும் நிரப்புங்கள், உம்மு ஸுஹைப். அந்த ஒரு தொட்டியை மட்டும் பாதியில் விட்டுவிடுங்கள்.

என்றும் உங்கள்,
மையத்தின் ஊழியர்களும் மாலை வகுப்பினரும்
ஜௌஃபா, அம்மான்