படி இல்லாத வாசல்

ஏஞ்சல்: இடிக்கிறதா? இந்தச் சுவத்தையா? யாரு சார் சொன்னது?

குமரகுரு: முன்னாடி ஒரு மேஸ்திரி வந்து பார்த்தாரும்மா. ஜேசிபி வெச்சு ஒரே நாள்ல தரைமட்டம் பண்ணிட்டு, புதுசா கட்டிக்கலாம்னாரு.

ஏஞ்சல்: ஒரு நிமிஷம். இந்தா, ஆணி அடிக்கிறேன்... பார்த்தீங்களா? ஆணிதான் வளைஞ்சுது.

குமரகுரு: அட!

ஏஞ்சல்: சுண்ணாம்பு அரைச்சுக் கட்டின சுவரு சார். எத்தினி வருஷமா பூட்டிக் கெடக்குது?

குமரகுரு: எங்க பெரியப்பா போனதுலேர்ந்து... பதினாலு வருஷம்.

ஏஞ்சல்: பதினாலு மழை பார்த்தும் அசையல. மேல தளம் ஒழுவுது, அரசஞ்செடி வேர் உட்டுக்கினு இருக்குது, கதவெல்லாம் கரையான். அதையெல்லாம் நான் பார்த்துக்கிறேன். உத்தரம் அத்தினியும் தேக்கு!

குமரகுரு: தட்டிப் பார்த்தே சொல்றியேம்மா... யாருகிட்ட கத்துக்கினே?

ஏஞ்சல்: பதினோரு வருஷம் சித்தாளு சார். கல்லு தூக்கித் தூக்கி வந்த படிப்பு. சரி, வாசல்லேர்ந்து ஆரம்பிங்க. இன்னா வேணும்?

குமரகுரு: அந்த மூணு படியையும் எடுத்துடு. சரிவா பாதை போட்டுடு.

ஏஞ்சல்: வண்டி ஏத்தவா?

குமரகுரு: ஆங்... வண்டிதான்.

ஏஞ்சல்: அப்படின்னா பதினெட்டு அடி நீளம் வேணும். பக்கத்து சந்துல திருப்பி எடுத்துக்கினு வரலாம்.

குமரகுரு: அவ்ளோ நீளமா? அந்த மேஸ்திரி ஆறடி போதும்னாரே.

ஏஞ்சல்: ஸ்கூட்டருக்குப் போதும் சார்.

குமரகுரு: சரி, பதினெட்டே போடு.

ஏஞ்சல்: அப்பால?

குமரகுரு: கதவெல்லாம் அகலமா, மூணு அடி. பீரோ போவணும் பாரு.

ஏஞ்சல்: பாத்ரூம் கதவுமா?

குமரகுரு: அதுவுந்தான்.

ஏஞ்சல்: பாத்ரூம்ல பீரோ வெப்பீங்களா?

குமரகுரு: கிண்டல் பண்ணாதம்மா. எனக்கு முட்டி வலி. புடிச்சுக்கினு நடக்க கம்பி வெக்கணும், எடம் வேணும்...

ஏஞ்சல்: மாடிக்கு என்னைவிட வேகமா ஏறினீங்க!

குமரகுரு: ...எறங்கும்போதுதான் வலிக்கும். கேளு. சமையல் மேடைய தாழ வெச்சுடு. ரெண்டரை அடி. கீழ ஷெல்ஃப் வேணாம், காலியா உடு.

ஏஞ்சல்: இப்ப யாரு சமையல்?

குமரகுரு: நான்தான். வீட்டுக்காரி போயி ஆறு வருஷம் ஆவுது.

ஏஞ்சல்: நீங்க ஆறடி உசரம் இருக்கீங்க சார்.

குமரகுரு: குனிஞ்சு சமைப்பேன், போ! இந்த முன்ரூம்ல மட்டும் நல்லா வெளிச்சம் வேணும். இங்கதான் கணக்கு டியூஷன். எம் மருமவ ஜீவிதா கணக்கு டீச்சர்மா. பத்தாவதுல ரெண்டு வாட்டி ஃபெயிலான புள்ளைங்ககூட அதுகிட்ட வந்தா பாஸாயிடும். ஒரு வாட்டி திட்டி நான் பார்த்ததில்ல. "இதுவரைக்கும் சரியாப் போட்டிருக்கே, இங்கேர்ந்து திரும்பப் போடு"ம்பா... அவ்ளோதான்!

ஏஞ்சல்: போர்டு எந்த உசரத்துல மாட்டணும்?

குமரகுரு: தரையிலேர்ந்து ரெண்டு அடி.

ஏஞ்சல்: சார்... டீச்சர் எப்ப டிஸ்சார்ஜ்?

குமரகுரு: ...யாரு சொன்னது உங்கிட்ட?

ஏஞ்சல்: எம் பொண்ணு அவங்க கிளாஸ். தாமல் ஊருகிட்ட டீச்சரை லாரி இடிச்ச அன்னிக்குச் சோறே துண்ணல அது. போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனேன். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாம படுத்துக்கினே, எம் பொண்ணு நோட்டை வாங்கி ரெண்டு கணக்கு திருத்திக் குடுத்தாங்க சார்!

குமரகுரு: ...அது அப்படித்தாம்மா.

ஏஞ்சல்: நாலு மாசமா வீடு மாத்துற வேலை நடக்குதுன்னாங்க. இங்க ஒரு செங்கல்லுகூட நகரல.

குமரகுரு: எப்படிச் சொல்லுவேன்? பாலாஜி... எம் புள்ள... ஒரு வாட்டி வந்து பார்த்தான். அதோட சரி. ஜீவிதாவ அதோட அம்மா வீட்டுக்கே அனுப்பிடுன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போய்ட்டான். "அவரு ஏன் மாமா வரல"ன்னு அது கேக்கும்போது வாயில வந்தது அதான். "வீல் சேர் போற மாதிரி வீட்ட மாத்திக்கினு இருக்கான்மா, கூடவே நின்னு பார்த்துக்கினு இருக்கான்"னு சொல்லிட்டேன். பொய்ய நெஜமாக்கலாம்னுதான் இதெல்லாம். நீ அதுகிட்ட சொல்லிடாதம்மா. தாங்காது.

ஏஞ்சல்: அவங்களுக்குத் தெரியும் சார். டைவர்ஸ் கேட்டு உங்க புள்ள அனுப்பின வக்கீல் நோட்டீஸ் போன மாசமே ஆஸ்பத்திரிக்கு வந்துடுச்சு, தலகாணிக்கு அடியில வெச்சிருக்காங்க. "மாமா என்னை நம்ப வெக்கிறதுக்காகத் தனியா அல்லாடிக்கினு இருக்காரு, போய் கூட நில்லுக்கா"ன்னு என்னை அனுப்பினதே அவங்கதான்.