இரண்டு கைப்பிடிக் கோப்பையும் கியூரியோ அலமாரியும்

விழா மேடைக்கு அழகு சேர்க்கும் தலைவரான எங்கள் கோப்பைத் தொழிற்சாலையின் முதலாளியம்மா அவர்களே! களிமண் பிசைந்தே கைரேகை தேய்ந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் தாய்மார்களே! "சீக்கிரம் முடிங்கண்ணே" என்று பின்னாலிருந்து சாடை காட்டும் தோழர்களே! சூளைக்காரன் எனக்குச் சூடாகத்தான் பேச வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், வணக்கம்!

நம் வாசலில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே கோணியவை, குழைந்தவை, குட்டையாய்ப் போனவை. மேலே 'கியூரியோ' என்று பலகை. "வர்றவங்க கண்ணுக்கு நம்ம தப்பெல்லாம் எதுக்கு? உடைச்சிடுங்க" என்றார் முதலாளியம்மா. உடைக்கப்போவது நாளைக்கு. அதனால்தான் இன்றைக்கே மைக்கைப் பிடித்துவிட்டேன்.

கியூரியோ என்றால் என்ன? விசித்திரப் பொருள் என்பீர்கள். அகராதியைப் புரட்டினேன் ஐயா! கியூரியாசிட்டி என்ற நீளச் சொல்லின் வாலை நறுக்கிய குட்டிச் சொல் அது. அதன் பாட்டன் இலத்தீன்காரன், பெயர் 'கூரா'. கூரா என்றால் கோணலா? இல்லை. கேலியா? இல்லை. அக்கறை! அக்கறையே துருவி அறியும் ஆவலாகி, ஆவலைத் தூண்டும் அரிய பொருளுக்கும் பெயராயிற்று.

அந்த அலமாரியில் இரண்டு கைப்பிடிக் கோப்பை ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? காலை ஷிப்டில் என் தங்கை வீட்டுக்காரர், அதாவது என் மாப்பிள்ளை; மாலை ஷிப்டில் என் தங்கை. போகிறவர் கடைசிக் கோப்பையைக் கைப்பிடி ஒட்டாமல் வைப்பார், வருகிறவர் அதில் தொடங்குவார். இதுதானே நம் வழக்கம்? ஒருநாள் மாப்பிள்ளை அதற்கும் ஒட்டிவிட்டுப் போனார். கைப்பிடி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. என் தங்கை பழக்கத்தில் இந்தப் பக்கம் இன்னொன்றை ஒட்டினாள். சூளையைத் திறந்தால், இரண்டு காதோடு ஒரு கோப்பை!

"என்னங்க, உங்கள யாரு ஒட்டச் சொன்னது?"

"உனக்கு ஒரு வேலை கொறையட்டுமேன்னுதான்."

சிரிக்கிறீர்கள், அன்று நாங்களும் சிரித்தோம். போன வருடம் என் தங்கைக்குக் கை நடுக்கம் வந்தது. ஒற்றைக் கைப்பிடி நழுவியது, டீ கொட்டியது, பிறர் ஊட்ட அவள் ஒப்பவில்லை. மாப்பிள்ளை ஓடிவந்து அலமாரியைத் திறந்தார்.

தலைவர் அவர்களே, முன்வரிசையைப் பாருங்கள். என் தங்கை இரு கையாலும் அந்தக் கோப்பையை ஏந்திக் குடிக்கிறாளே, ஒரு சொட்டுச் சிந்தியதா? அலமாரியில் உள்ளதை உடைப்பதென்றால் அந்தக் கோப்பையில் தொடங்குங்கள். அவள் கையிலிருந்து வாங்குங்கள் பார்க்கலாம்!

என்ன முதலாளியம்மா? மைக்கில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"அலமாரி இருக்கட்டும்ணே. அதே மாதிரி எங்கம்மாவுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க."

கேட்டீர்களா! கை வலிக்கத் தட்டுங்கள். மாப்பிள்ளை, நாளைக் காலை ஒரு கைப்பிடி ஒட்டிவிட்டுப் போங்கள். மற்றதை என் தங்கை ஒட்டுவாள், நான் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்கிறேன். நல்ல மனம் கொண்ட தலைவருக்கும், சூடு தாங்கிய சபைக்கும் நன்றி, வணக்கம்!