கணுக்கால் தண்ணீர்

இரவு பதினொன்றரை மணி. ஆற்றுக்கு இறங்கும் சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது... நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் அக்காவுக்கு நடந்தது. நடந்ததற்குக் காரணம் அவள் வீட்டுக்காரர். அந்த மனிதரைப் பற்றி என் வாயில் நல்ல வார்த்தை வராது. செத்தவர் என்றாலும் வராது.

டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். எப்போதும் வெள்ளைச் சட்டைதான்; எல்லோருக்கும் அவர் வாத்தியார். ஊருக்கெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அன்று அக்காவும் அவரும் ஸ்கூல் காரில் வந்த வழியில் ஒரு டீக்கடைக்காரர் சொல்லியிருந்தார். "மேல மலையில சாயங்காலத்துல இருந்து கொட்டுதுங்க. இங்க சொட்டு விழாது, ஆத்துல மட்டும் திடீர்னு வந்துடும். திரும்பிடுங்க."

வாத்தியார் சிரித்தார். "வானத்தைப் பாத்தியாய்யா? மழையே இல்லாம வெள்ளமா?"

மழை எங்கோ பெய்யும். பாறை தண்ணீரைக் குடிக்காது. ஓடையெல்லாம் ஒரே ஆற்றில் வந்து விழும். காய்ந்து கிடந்த மணல், ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் ஆள் உயரத் தண்ணீராகிவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இந்த மேதைக்குத் தெரியவில்லை.

தரைப்பாலம் வந்தது. பாலம் என்று பேர்தான், ஆற்று மணலை ஒட்டிப் போட்ட சிமெண்ட் ரோடு. கைப்பிடிச் சுவர் கூடக் கிடையாது. அதன்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சுள்ளியும் நுரையுமாக... வேரோடு பிடுங்கிய செடியின் பச்சை வாடை. அடியில் கற்கள் உருண்டு மோதும் சத்தம். கடகட... கடகட...

அந்தப் பாலத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் ஏறினால் ஒருவர் கம்போடு இறங்கி முன்னால் நடப்பார். வண்டி அவர் பின்னால் ஊர்ந்து வரும். நடப்பவருக்குத் தண்ணீர் முழங்காலைத் தொட்டதா, எல்லோரும் திரும்பிவிட வேண்டும்.

"ஏங்க, வேணாங்க. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மாவா சொன்னாங்க?"

"நான் எங்கடி காலை விடறேன்? டயரைத்தானே விடறேன்!"

வண்டி நகர்ந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டி இல்லையா... பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் இருக்கும். அக்கா அதை ஓங்கி மிதித்தாள்.

அவ்வளவுதான், மனிதருக்கு மானம் போய்விட்டது. "என் வண்டியில எனக்கே பிரேக் போடறியா? இறங்குடி கீழே!" பிடித்துத் தள்ளாத குறை. நடு ராத்திரியில் பெண்டாட்டியை ஆற்றங்கரையில் இறக்கிவிட்ட பெரிய வீரர்! அவள் இறங்கினாள்.

அப்போதுதான் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒருவன் நின்றான். எந்தப் பக்கமிருந்து வந்தான் என்று அவள் பார்க்கவில்லை. தலையில் கோணி. கையில் கம்பு. மழையே பெய்யாத இரவில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். தண்ணீரில் இறங்கி முன்னால் நடந்தான். டொக்... டொக்...

"பாத்தியா? கணுக்கால் தண்ணி!" வாத்தியார் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்து இளித்தார். அவன் பின்னாலேயே வண்டியை விட்டார்.

அக்கா கரையில் நின்று பார்த்தாள். டயர் மூழ்கியது. பம்பர் மூழ்கியது. முன்னால் போகிறவனுக்கு... கணுக்கால்தான். ஹெட்லைட் தண்ணீருக்குள் போய் மஞ்சளாகக் கலங்கியது. அவனுக்கு அப்போதும் கணுக்கால்தான்.

"ஏங்க, திரும்புங்க!" தொண்டை கிழியக் கத்தினாள். வண்டி லேசாக மிதந்தது. பக்கவாட்டில் திரும்பியது. பாலத்தின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. ஹாரன் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது... பிறகு அதுவும் இல்லை.

என்ன இருந்தாலும் புருஷன். தரையில் விழுந்து அழுதாள். அவளுக்காகத்தான் எனக்கு மனசு கேட்கவில்லை, அவருக்காக இல்லை.

எவ்வளவு நேரம் அழுதாளோ, முதுகில் வெளிச்சம் விழுந்தது. ஒரு லாரி. பின்னால் கட்டட வேலை முடித்துத் திரும்பும் ஆட்கள், பெண்களும் பிள்ளைகளுமாகத் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். அக்கா எழுந்து ஓடிப்போய் நடுரோட்டில் கையை விரித்து நின்றாள். லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா? தள்ளு!"

"போகாதீங்கண்ணே, வெள்ளம்! இப்பதான் என் வீட்டுக்காரரு வண்டியோட போயிட்டாரு..."

அவர் அவளைத் தாண்டிப் பாலத்தைப் பார்த்தார்.

"தண்ணி அவ்வளவா இல்லையேம்மா. அதோ ரெண்டு பேர் நடந்து போறாங்க பாரு. ஒருத்தர் கையில கம்பு. இன்னொருத்தர், வெள்ளைச் சட்டை, நம்மளைத்தான் கையாட்டிக் கூப்பிடறாரு."

அக்கா திரும்பினாள். பார்த்தாள். மெல்லப் பின்னால் நகர்ந்து, லாரியின் பம்பரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு கூப்பிட்டா போகாதீங்கண்ணே," என்றாள். "உயிரோட இருந்தப்பவே அவருக்கு வழி தெரியாது."